மூக்கணாங்கயிறு இல்லாத காளை

முந்நூறு பட்டாளத்துக்காரர்களும் ஒரு கர்னலும் விறைப்பாக நின்று, நான் கொம்பு வைத்த காளைக்கு சல்யூட் அடித்திருக்கிறார்கள். காளையின் உயரம் இரண்டரை அங்குலம். உடம்பெல்லாம் நூல். அசை போடத் தெரியாது, வாலை ஆட்டத் தெரியாது. ஆனாலும் அடித்தார்கள்.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். வெள்ளகோவிலில் நான் பிறந்த அன்றைக்குப் பெய்த மழையில் நாற்பது கிணறு நிரம்பி வழிந்தது என்று சொன்னபோதும் இப்படித்தான் சிரித்தார்கள். ஒருத்தர் மெனக்கெட்டு விசாரித்துக்கொண்டு வந்து, அன்றைக்கு வெறும் தூறல்தான், அதுவும் பக்கத்து ஊரில் என்றார். தூறலை அவரும் மறுக்கவில்லை, பாருங்கள்.

என் பெயர் கிட்டுசாமி. அருள்புரத்தில் ஓர் எம்பிராய்டரி யூனிட்டில் மாஸ்டராக இருந்து, இரண்டாயிரத்து நாலில் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றேன். மறுநாள் காலை எட்டரைக்கு அதே யூனிட் வாசலில் போய் நின்றேன்.

முதலாளி குமாரசாமி திகைத்துப்போனார். “ஏனுங்க மாஸ்டர், நேத்துத்தானுங்க மாலை போட்டு அனுப்புனோம்?”

“அது வாடறதுக்குள்ள ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

அந்த மாலை வாடி, உதிர்ந்து, நாரும் மக்கி இரண்டு வருஷம் ஆனபிறகும் நான் தினமும் போய்க்கொண்டிருந்தேன். சம்பளம் கிடையாது. இரண்டு வேளை டீயும் என் பேச்சைக் கேட்க இருபது காதும் போதும்.

எங்கள் யூனிட்டில் பன்னிரண்டு தலை வைத்த கம்ப்யூட்டர் மிஷின் ஒன்று உண்டு. அது ஓடினால் பழனி அடிவாரத்தில் படியேறுகிறவர்களுக்குக் கேட்கும். ஒரே சமயத்தில் பன்னிரண்டு பனியனில் பன்னிரண்டு சிங்கம் பிறக்கும். வெளிநாட்டுக்காரர்களுக்குச் சிங்கம் என்றால் உயிர். கிரீடம் வைத்த சிங்கம், வாள் பிடித்த சிங்கம், ஒற்றைக்காலில் நிற்கிற சிங்கம் என்று காட்டில் உள்ளதைவிட அதிகமாக நான் தைத்து அனுப்பியிருக்கிறேன். அதில் ஒன்றாவது எதற்காக ஒற்றைக்காலில் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. பத்தாயிரம் பீஸா, சரி, நிற்கட்டும்.

செக்கிங் மேஜையில் இருந்தவள் மூக்கம்மாள். சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், நாற்பது வயது. மேஜைமேல் வந்து விழும் பனியனில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கண் பார்க்கிற அதே வேகத்தில் கை போய், தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிவிடும். ஸ்டிக்கர் ஒட்டிய பீஸை முதலாளியே வந்து கெஞ்சினாலும் பாஸ் பண்ணமாட்டாள்.

என் பேச்சுக்கும் அதே கதிதான். மற்றவர்கள் கேட்டார்கள், சிரித்தார்கள், டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். மூக்கம்மாள் மட்டும், பிசிறு வெட்டுகிற கத்தரியைக் கீழே வைக்காமல், “எத்தன, மாஸ்டர்?” என்பாள். நாற்பது கிணறு என்றேன். “போன மாசம் இருபதுன்னீக” என்றாள். அவ்வளவுதான், ஒட்டியாயிற்று ஸ்டிக்கர்.

அப்படிப்பட்டவளின் அப்பாதான் பெரியகருப்பன்.

ஒரு செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் யூனிட் வாசலில் வந்து நின்றார். எண்பதைத் தாண்டிய உடம்பு; ஆனால் முதுகு மட்டும் இஸ்திரி போட்டதுபோல் நேராக இருந்தது. கையில் ஒரு பழைய பவுடர் டப்பா. அதைத் திறந்து, காகிதத்தைப் பிரித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணியை எடுத்து என் கையில் வைத்தார்.

ஒரு காலத்தில் பச்சையாக இருந்த துணி. நடுவில் ஒரு காளை. காலடியில் ஒரு வண்டிச்சக்கரம், அதற்கும் கீழே நெளிநெளியாக மூன்று கோடு. காளையின் கொம்பு இருக்கவேண்டிய இடத்தைப் பூச்சி அரித்து ஓட்டையாக்கியிருந்தது.

“எங்க கம்பெனிச் சின்னம்யா” என்றார். “சட்டக் கையில தச்சிருப்பாக. எடது கைக்கு உள்ளது இது. வலது கைக்கு உள்ளது இல்ல. ரெண்டும் வேணும்.”

“எந்தக் கம்பெனிங்க? பல்லடம் ரோட்டுலீங்களா?”

“பட்டாளத்துக் கம்பெனி.”

உள்ளேயிருந்து மூக்கம்மாளின் குரல் கத்தரியைவிடக் கூர்மையாக வந்தது. “அப்பா! இங்கயும் வந்துட்டீகளா அதத் தூக்கிக்கிட்டு?”

“ஞாயித்துக்கெழம கோயம்புத்தூருல கூட்டம் ஆத்தா. அந்தப் பெரிய சண்டையில இருந்த பழைய ஆளுகளக் கூப்பிட்டிருக்காக. அவுகவுக சின்னத்தப் போட்டுட்டு வரச்சொல்லிப் பேப்பருல வந்திருக்கு.”

மூக்கம்மாள் என்னைப் பார்த்தாள். “மாஸ்டர், இவரு பர்மா சண்டைக்கு மாட்டு வண்டி ஓட்டிட்டுப் போனாராம். எல்லாரும் துப்பாக்கியத் தூக்கிட்டுப் போனா, எங்கப்பா மாட்டக் குத்துற தாத்துக்கம்பு எடுத்துட்டுப் போயிருக்காரு. நீங்க ரெண்டு பேரும் சேந்தா நல்லாத்தான் இருக்கும்.”

மிஷின்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கட்டிங் மாஸ்டர் கந்தப்பன் மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தான். பெரியவர் கோபப்படவில்லை. சிரிப்பு முடியும்வரை, மழை விடட்டும் என்று கடை ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறவர்போல நின்றார்.

வெளியே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“எம்மக எட்டு வயசுல பள்ளிக்கூடத்துல போயி, எங்கப்பா பர்மா பட்டாளம்னு சொல்லிருக்கா. வாத்தியாரு, என்ன வேலைன்னு கேட்டாராம். மாடு ஓட்டுனாருன்னு சொல்லிருக்கா. பட்டாளத்துல ஏது மாடு, உங்கப்பன் நல்லா அளந்திருக்கான்னு வகுப்பு மொத்தமும் சிரிச்சிருக்கு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து எம்மூஞ்சிய ஒரு பார்வ பாத்தா. அந்தப் பார்வ இன்னும் மாறல.” டீயை ஒரு வாய் குடித்தார். “ஞாயித்துக்கெழம எனக்குச் சால்வ போடுறாக, போடல, அது கெடக்கட்டும். எம்மக ஒருநாள், ஒரே ஒருநாள் நம்பிட்டாப் போதும்யா.”

ஆயுள் முழுக்க யாரும் நம்பாமலே சந்தோஷமாக இருந்தவன் நான். அது ஒரு வரம். உண்மையைச் சொல்லிவிட்டு யாரும் நம்பாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

முதலாளியிடம் சொன்னேன். தலையாட்டினார். கம்ப்யூட்டரில் படத்தைத் தையலாக மாற்றிக்கொடுக்கிற பெண் வேல்விழி, அருப்புக்கோட்டைப் பக்கம். இருவரும் அந்தத் துணியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். சக்கரத்துக்கு எட்டு ஆரம். காளையின் முன்னங்கால் ஒன்று தூக்கியிருந்தது. தலை தாழ்ந்திருந்தது, முட்ட வருகிற தாழ்வு இல்லை, பாரம் இழுக்கிற தாழ்வு. மாட்டோடு வளர்ந்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

கொம்புதான் இல்லை. கொம்பில்லாத காளையை எப்படி அனுப்புவது? நான் ஒரு காரியம் செய்தேன். பெரியவரைக் கேட்காமலே எங்கள் காங்கேயம் காளையின் கொம்பை வைத்தேன். வெளியே விரிந்து, பின்னால் வளைந்து, நுனியில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளுமே, அந்தக் கொம்பு. உலகத்திலேயே அதற்கு மேல் அழகான பொருளை ஆண்டவன் படைக்கவில்லை.

“மாஸ்டர், மூக்குலயும் நூலு உதுந்துபோச்சு போல” என்றாள் வேல்விழி. “கயித்தக் காணோம்.”

பார்த்தேன். ஆமாம், மூக்கணாங்கயிறு இல்லை. வண்டி மாட்டுக்கு மூக்கில் கயிறு இல்லாமல் இருக்குமா? அவள் அப்பா மாடு கட்டி உழுதவர், என் அப்பா மாடு கட்டி இறைத்தவர். எங்களுக்குத் தெரியாதா? எட்டிப் பார்த்த கந்தப்பனும் கிண்டலை மறந்து, “கயத்த உட்டுட்டீங்க பாருங்க” என்றான். ஆக மூன்று விவசாயி வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து, வெள்ளை நூலில் ஒரு கயிறு போட்டு, கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய் முடிச்சும் போட்டோம். அந்த முடிச்சை அவிழ்க்க ஆள் தேவைப்படும், அப்படி ஒரு முடிச்சு.

வியாழக்கிழமை சாம்பிளைப் பெரியவர் கையில் கொடுத்தேன். நல்ல பச்சைத் துணியில் காளை பளபளத்தது. கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். சக்கரம், கால், திமில். விரல் மூக்குக்கு வந்ததும் நின்றுவிட்டது.

“கயிறு இல்லய்யா இதுக்கு.”

“உதுந்துருச்சுங்க. நாங்க போட்டுட்டோம்.”

“உதுரல.” தலையை ஆட்டினார். “அதுக்குக் கயிறே கெடையாது. அதுதான்யா எங்க சின்னமே.”

மிஷின் அடுத்த துணி மாட்டுவதற்காக நின்றிருந்தது. அதனால் அவர் தாழ்ந்த குரலில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

“பேரு வாயில நொழையாத ஆறு. மழ. பாலம் போயிருச்சு. மேல வெமானம் சுத்துது. வண்டியில காயம்பட்டவுக, மருந்து, அரிசி. வண்டிகளத் தெப்பத்துல ஏத்தி ஆளுக தள்ளிட்டோம். மாடுகளுக்கு எடமில்ல. சுபேதார் சொன்னாரு, மூக்குக் கயித்த அறுத்து விட்டுருங்கடா, பொழச்சா பொழச்சுப் போகட்டும்னு. அறுத்துவிட்டோம். அழுதுக்கிட்டேதான் அறுத்தோம். ராவோட ராவா நாங்க அக்கர போயிச் சேந்தோம். விடிஞ்சு பாத்தா, ஆத்த நீந்தி வந்து எங்க கரைமேல மாடு நிக்கிது. முப்பத்தெட்டு விட்டோம், முப்பத்தெட்டும் நிக்கிது. புடிக்க ஆளில்ல, கயிறு இல்ல, காடு பக்கத்துல இருக்கு. எங்கயும் ஓடல. நொகத்துக்குப் பக்கத்துல வந்து தானா நின்னுச்சுக.”

பெரியவர் விரலைக் காளையின் காலடிக்குக் கொண்டுபோனார்.

“அப்புறந்தான் வெள்ளக்காரத் துரை இந்தப் படத்தப் போட்டாரு. மூணு கோடு அந்த ஆறு. சக்கரம் நாங்க. தூக்குன காலு, நிக்காமப் போறதுக்கு. கயிறு இல்லாத மூக்கு, கட்டாமலே கூட நின்னதுக்கு.”

லட்சம் சிங்கம் தைத்த கை என்னுடையது. அந்த நிமிஷம் அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மூக்கம்மாள் ஒரு கட்டு பனியனோடு குறுக்கே போனாள். “அந்த ஆத்துக் கதையா? எத்தன மாடு இப்ப?”

“முப்பத்தெட்டு ஆத்தா. அன்னைக்கும் முப்பத்தெட்டுதான்.”

அவள் நிற்காமல் போய்விட்டாள். ஆனால் அந்த எண்ணிக்கைமேல் ஒட்ட அவளிடம் ஸ்டிக்கர் இல்லாததை நான் கவனித்தேன். இருபது நாற்பதாகிற வித்தை அவருக்கு வராது.

கயிறு போயிற்று. அடுத்துக் கொம்புக்கு வரப்போகிறார் என்று நான் மெல்ல நழுவப் பார்த்தேன். வந்துவிட்டார்.

“இது காங்கேயம் கொம்புல்ல?”

“ஏனுங்க சாமி... அப்புடியா தெரியுது?”

“எங்க காளை புலிக்குளம்யா. கொம்பு இப்புடி வீசியெல்லாம் இருக்காது. கிட்டப் போனா குத்தும், அவ்வளவுதான்.”

“மாத்தீர்றனுங்க. அஞ்சே நிமிசம்.”

அவர் கொம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு, எங்கோ தூரத்திலிருந்து நடந்து வந்து சேர்ந்தது.

“உங்க பக்கத்துக்காரன் ஒருத்தன் என்கூட இருந்தான். மருதாசலம்னு. ஊரு கொமரலிங்கம். தெனம் இதே சண்டைதான். இது எங்கூரு மாடு, இந்தக் கொம்பப் பாருடாம்பான். நான் திமிலப் பாருடா, எங்கூரு மாடும்பேன். வரைஞ்ச துரைக்கு ரெண்டு மாடுமே தெரியாது. அவன அந்தக் காட்டுலதான் பொதச்சோம். என் வலது கைச் சின்னத்தப் பிரிச்சு அவன் சட்டப் பையில வெச்சேன். அதான் என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு.” துணியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “மாத்த வேணாம். கொம்பு அவனுக்கே போகட்டும்.”

எனக்கு அன்றைக்கு வந்த கண்ணீரில் நொய்யல் ஆற்றின் கரை உடைந்திருக்கும். சரி, இரண்டு சொட்டு. ஆனால் வந்தது.

போகும்போது வாசலில் திரும்பி ஒன்று சொன்னார். “வலது கைக்கு உள்ளதத் திருப்பிப் போடணும். ரெண்டு கையிலயும் காளை நான் நடக்குற பக்கந்தான் நடக்கணும். அப்புடியே போட்டா ஒரு கையில மாடு என் முதுகுக்குப் பின்னால ஓடும். எங்க மாடு பின்னால ஓடுனதில்ல.”

வேல்விழி ஒரு தட்டுத் தட்டினாள். காளை மறுபக்கம் திரும்பிக்கொண்டது.

சனிக்கிழமை, ஏற்றுமதியில் மிஞ்சிய காக்கி நிறக் காலர் பனியன் ஒன்றை எடுத்து, இரண்டு கையிலும் காளையை வைத்துத் தைத்து முடித்தோம். நானே மடித்து அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் இருபத்தெட்டு வருஷப் பழக்கம். தைத்து முடித்த எதுவும் எங்கே போகும்? செக்கிங் மேஜைக்குப் போகும். போயிற்று. அன்று மாலை பையில் வைத்துப் பெரியவரிடம் கொடுத்தேன். அதைத் திறந்து பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பஸ்ஸில் மூன்று பேர் போனோம். நான் என்னை நானே அழைத்துக்கொண்டேன். மூக்கம்மாள், “கூட்டிட்டுப் போயி, கூட்டிட்டு வரத்தான் வாரேன். வேற எதுக்கும் இல்ல” என்று இரண்டு முறை சொன்னாள். பெரியவர் காக்கிப் பனியனும் வெள்ளை வேட்டியுமாக ஜன்னலோரம் உட்கார்ந்து, வலது கையை அசங்காமல் வைத்துக்கொண்டு வந்தார். புதுக்காளை கசங்கிவிடுமாம்; மேலே துண்டு போர்த்தி மூடியும் வைத்திருந்தார்.

கோயம்புத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். பழைய பட்டாளத்தார் பன்னிரண்டு பேரை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொருவர் சட்டையிலும் ஏதோ ஒரு சின்னம்: வாள், நட்சத்திரம், யானை. பக்கத்து நாற்காலிக்காரர் எங்கள் காளையைப் பார்த்துவிட்டு, “இதென்னங்க, பால் பண்ணைங்களா?” என்றார். மூக்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவர் மழைக்கு ஒதுங்கி நிற்கிற அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

சால்வை போட வந்தவர் தலைப்பாகை கட்டிய ஒரு கர்னல். ஏழடி உயரம், வேண்டுமானால் ஒரு அடியைக் கழித்துக்கொள்ளுங்கள். வரிசையாக வந்தார், சால்வை போட்டார், கை குலுக்கினார், நகர்ந்தார். பெரியகருப்பன் முன்னால் வந்து சால்வையை விரித்தவர், விரித்தபடியே நின்றுவிட்டார். அவர் பார்வை வலது கையில் இருந்தது. குனிந்தார். விரலை நீட்டி, “யே க்யா ஹை?” என்றார். இது என்ன?

எட்டிப் பார்த்தேன். அவர் விரல் காளையின்மேல் இல்லை. காளைக்குக் கீழே, அதன் முகத்தைச் சுட்டிக்காட்டி, ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

மூக்கம்மாளைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. புரிந்துவிட்டது. எங்கள் தொழிலில் திரும்பிப்போன சின்னம் என்றால் தப்பு. ஒரு கையில் இப்படியும் மறு கையில் அப்படியும் இருக்கிற பனியனை அவள் கை யோசிக்காமலே ரிஜெக்ட் பண்ணியிருக்கிறது. யாருடைய பனியன் என்றுகூட அவள் பார்க்கவில்லை.

நல்லவேளை, கர்னல் அதை ஏதோ பதவிக்குறி என்று நினைத்து விட்டுவிட்டார். அவர் விரல் மேலே ஏறி, காளையின் மூக்கில் போய் நின்றது. இந்தியில் ஏதோ கேட்டார். பெரியவருக்கு இந்தி பட்டாளத்தோடு போய்விட்டது. லூதியானாவில் ஆறு மாதம் பின்னல் மிஷின் பழகியவன் என்ற முறையில் நான் முன்னால் போனேன்.

“இவுங்க டிரெயினிங் எடத்துல, சாப்புடற ஹால்ல, பழைய மரப்பலகை ஒண்ணு இருக்குதாமுங்க” என்றேன் பெரியவரிடம். “அதுல இதே மாதிரி சக்கரம், மூணு கோடு, காளை. மூக்குல கயிறு இல்லையாமா. வரைஞ்சவன் மறந்துட்டான்னுதான் எல்லாரும் சொல்லுவாங்களாமா. ஏன் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறாருங்க.”

பெரியகருப்பன் எழுந்து நின்றார். சொன்னார். வியாழக்கிழமை சொன்ன அதே சொற்கள், அதே வரிசை. ஆறு, மழை, விமானம், சுபேதார், அழுதுகொண்டே அறுத்த கயிறு.

நான் மொழிபெயர்த்தேன். இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது: ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. என் பிறவிக் குணத்துக்கு அந்த ஆற்றில் நான் நாலு முதலையாவது விட்டிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை முதலை வந்தது. விழுங்கிவிட்டேன். முப்பத்தெட்டு என்றார், முப்பத்தெட்டு என்றேன். அறுபத்து நாலு வயதில் முதல் தடவை, கடைசித் தடவையும் அதுதான்.

எண்ணிக்கையைக் கேட்டதும் கர்னல் நிமிர்ந்தார். “அட்தீஸ்?” என்று திருப்பிக் கேட்டார். முப்பத்தெட்டா?

பிறகு அவர் மெதுவாகச் சொன்னதை நான் அப்படியே பெரியவருக்குச் சொன்னேன். அந்தப் பலகையின் விளிம்பில் சுற்றிலும் பித்தளை ஆணி அடித்திருக்கிறதாம். புதிதாக வருகிற ஆபீசர்களுக்கு மூத்த ஆபீசர்கள் கொடுக்கிற முதல் வேலை, அதற்குப் பாலிஷ் போட்டு எத்தனை என்று எண்ணிச் சொல்வதாம். இவரும் இருபத்திரண்டு வயதில் எண்ணியிருக்கிறார். முப்பத்தெட்டு. எதற்கு முப்பத்தெட்டு என்று அவருக்கும் தெரியாது, எண்ணச் சொன்னவருக்கும் தெரியாது, அவருக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கும் தெரியாது. தெரியாமலே வருஷா வருஷம் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறார்கள்.

பெரியவரின் உதடு அசைந்தது. “எல்லா மாட்டையும் வெச்சிருக்காகளா?” என்று கேட்டார்.

என் பக்கத்தில் ஓர் அசைவு. மூக்கம்மாள். கூட்டத்தில் அத்தனை பேர் பார்க்க, கர்னலுக்கும் தன் அப்பாவுக்கும் நடுவில் வந்து நின்றாள். அப்பாவின் வலது கையை, உடையக்கூடிய சாமானைப்போல இடக்கையில் தாங்கினாள். வலக்கை நகத்தால் அந்தச் சிவப்பு ஸ்டிக்கரை ஓரத்தில் நெம்பி, காளைக்கு ஒரு நூல் பிரியாமல், மெல்ல மெல்ல உரித்தாள். இருபது வருஷத்தில் எத்தனை லட்சம் ஒட்டியிருப்பாளோ. உரித்து நான் பார்த்ததில்லை. உரித்ததைத் தன் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டாள்.

“ஒட்டுனது நான்தாம்ப்பா” என்றாள். “தப்பு என் மேலதான்.”

“உன் மேல என்னத்தா தப்பு. நீ உன் வேலையப் பாத்த” என்றார் அவர்.

அவள் ஒதுங்கிக்கொண்டாள். கர்னல் சால்வையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, ஓர் அடி பின்னால் போய், குதிகாலைச் சேர்த்து சல்யூட் அடித்தார். பெரியகருப்பனின் கை தானாக உயர்ந்தது. மண்டபத்துக் காற்றாடிகூட நின்று பார்த்திருக்கும் என்றுதான் சொல்வேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பெரியவர் தூங்கிவிட்டார். மூக்கம்மாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கையை யாரும் இடிக்காமல் பார்த்துக்கொண்டே வந்தாள். பல்லடம் தாண்டும்வரை அந்தக் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு எட்டு வயதிலிருந்து நடந்துவர வேண்டியிருந்தது, தூரம் அதிகம்.

மறுநாள் டீ நேரம். விடுவேனா? ஸ்டூல்மேல் ஏறாத குறையாக ஆரம்பித்தேன். ஏழடி கர்னல், பேண்டு வாத்தியம், முந்நூறு சிப்பாய், நான் கொம்பு வைத்த காளை. முன்வரிசையில் இருந்தவன் கந்தப்பன்.

“மாஸ்டர், கர்னலுக்கு அடுத்தாப்புல ஜனாதிபதி வரலீங்களா?”

“வர்றதாத்தான் இருந்துச்சு. பல்லடத்துல டிராபிக்கு.”

சிரிப்பில் டீ சிந்தியது. “மாடு மேய்ச்ச பட்டாளத்துக்கு சல்யூட்டாமா! ஏனுங்க மாஸ்டர், காளை திருப்பி அடிச்சுதுங்களா?” என்றான் கந்தப்பன். வேல்விழிகூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

செக்கிங் மேஜையில் கத்தரிச் சத்தம் நின்றது.

மூக்கம்மாள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவள் கத்தரியைக் கீழே வைத்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை; சிரிப்பு அங்கங்கே அறுந்தது. நான் தயாராகிவிட்டேன். எத்தனை, மாஸ்டர் என்று கேட்கப்போகிறாள். என் முந்நூறு இப்போது மூன்றாகப்போகிறது.

“பேண்டு வாத்தியம் இல்ல” என்றாள். “கர்னலு ஆறடிதான். முந்நூறு பேரும் இல்ல.”

“பாத்தீங்களா!” என்றான் கந்தப்பன்.

“பதினாலு பேரு. மொதல்ல கர்னலு, அப்புறம் கூட வந்த ரெண்டு பேரு. அதுக்கப்புறம் நாக்காலியில இருந்த பதினோரு கிழவனாரும் ஒவ்வொருத்தரா எந்திரிச்சு நின்னு அடிச்சாக. பால் பண்ணையான்னு கேட்டவருதான் கடைசி. கைய எறக்க மாட்டேன்னுட்டாரு. நான் எண்ணுனேன்.” கந்தப்பனை நேராகப் பார்த்தாள். “எங்கப்பா பர்மாவுல மாடு மேய்க்கல. முப்பத்தெட்டு மாட்டோட ஆறு தாண்டுனாரு. மாஸ்டர் சொல்றது நடந்துச்சு.”